கடை எங்கே வரலாம்?

திருவண்ணாமலையிலிருந்து ஓர் அம்மாள் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நாலு பக்கம். முதல் மூன்று பக்கமும் பௌர்ணமிக் கூட்டத்தைப் பற்றித்தான். கிரிவலம் வந்தவர்களுக்கு வாசலில் மோர் கொடுத்தது, பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வந்து சேர முடியாமல் மாப்பிள்ளை திண்டாடியது, பதினாலு கிலோமீட்டரையும் மருமகள் செருப்பில்லாமல் நடந்து முடித்தது எல்லாம் விஸ்தாரமாக இருக்கிறது. விஷயம் நாலாவது பக்கத்தில். பெண்கள் கடிதம் என்றாலே இப்படித்தான் என்று வீட்டு ஆண்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். சில விஷயங்களை எழுதக் கடைசிப் பக்கத்துக்கு வரும்போதுதான் நமக்கு மனசு துணிகிறது.

அவருடைய பெண் கனடாவில், டொராண்டோ நகரத்தைச் சேர்ந்த ஸ்கார்பரோவில் குடித்தனம் செய்கிறாள். அவள் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்குகிற கடை வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்ததாம். ஒரு நாள் அந்தக் கதவில் அறிவிப்பு ஒன்று ஒட்டியிருந்தது. இங்கே கஞ்சாக் கடை வைக்க லைசென்ஸ் கேட்டு மனு வந்திருக்கிறது. சொல்ல வேண்டியது உள்ளவர்கள் பதினைந்து நாளைக்குள் எழுதலாம் என்று அதில் கண்டிருந்ததாம். பெண் உடனே அம்மாவை டெலிபோனில் கூப்பிட்டு, "அம்மா, எழுதட்டுமா? எழுதினால் ஏதாவது நடக்குமா?" என்று கேட்டிருக்கிறாள்.

அம்மாள் என்னிடம் கேட்டிருப்பது வேறு கேள்வி. "கஞ்சாவுக்குக் கடையா என்று எனக்கு முதலில் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு நாள் கழித்து வேறு மாதிரி தோன்றியது. எங்கள் தெருக் கோடியில் பிராந்திக் கடை வந்தபோது எந்தக் கதவில் யார் எதை ஒட்டினார்கள்? பால் வாங்கப் போன பேரன் வந்து சொல்லித்தானே எனக்குத் தெரியும்? கஞ்சா விற்கிற தேசத்தில் தெருவைக் கேட்கிறார்கள். அண்ணாமலையார் ஊரில் கேட்கவில்லை. இது எப்படி?"

நல்ல கேள்விதான். பதிலை ஒரு வரியில் சொல்ல முடியவில்லை. ஆகவே இந்த வாரம் முழுவதும் இதுவே.

முதலில் பெண் இருக்கிற ஊரைப் பார்த்து விடுவோம். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டம் அனுமதித்த சரக்கு. தேசம் முழுவதற்குமாக இப்படி அனுமதித்ததில் உருகுவேக்கு அடுத்த நாடு அதுதான். கடைகளை எப்படி நடத்துவது என்பதை அந்தந்த மாகாணத்தின் பொறுப்பில் விட்டார்கள். டொராண்டோ இருப்பது ஒன்டாரியோ மாகாணத்தில். அந்த மாகாண சர்க்கார் தன் முனிசிபாலிடிகளுக்கு ஒரு கெடு வைத்தது. 2019 ஜனவரி 22-க்குள் உங்கள் ஊரில் கடை வேண்டாம் என்றால் தீர்மானம் போட்டுத் தெரிவியுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் மௌனம் சம்மதம்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். வேண்டாம் என்ற ஊர் பின்னால் மனசு மாறி வேண்டும் என்று சொல்லலாம். வேண்டும் என்ற ஊர் மட்டும் பின்வாங்கக் கூடாது! பெண் பார்த்துவிட்டு "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்று கிளம்புகிறவர்களுக்கு அவகாசம் உண்டு. தாலி கட்டியவருக்கு ஏது?

டொராண்டோ நகர சபை சம்மதித்தது. அதன் வடக்கு எல்லையில் ஸ்டீல்ஸ் அவென்யூ என்று ஒரு பெரிய சாலை. சாலையைத் தாண்டினால் மார்க்கம் என்ற வேறு நகரம். நம் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு பக்கமும் நிறைய. மார்க்கம் நகர சபை 2018 டிசம்பரில் வேண்டாம் என்று தீர்மானித்தது. ஒரு சாலைக்கு இந்தப் பக்கம் சம்மதம், அந்தப் பக்கம் மறுப்பு. மிஸிஸாகா என்ற இன்னொரு பெரிய நகரமும் அப்போது மறுத்தது. நாலு வருஷத்துக்குமேல் அக்கம்பக்கத்து ஊர்களில் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 2023 ஏப்ரலில் சம்மதித்தது. பணத்தாலும் ஓர் இழுப்பு இருந்தது. கஞ்சா வந்ததால் ஊர்களுக்கு ஏற்படும் செலவுக்கென்று மாகாணம் இரண்டு வருஷத்துக்கு 4 கோடி டாலர் ஒதுக்கியிருந்தது. மறுத்த ஊருக்கு அதில் பங்கு குறைவு.

சரி, சம்மதித்த ஊர் தன் இஷ்டப்படி கடைக்கு இடம் குறிக்கலாமா? அதுதான் முடியாது. ஒன்டாரியோவில் லைசென்ஸ் கொடுப்பது மாகாணத்தின் அதிகாரிகள். முனிசிபாலிடி தனியாக ஒரு லைசென்ஸ் வைக்கக் கூடாது. இந்தத் தெருவில் துணிக்கடை வரலாம், கஞ்சாக் கடை வரக் கூடாது என்று பிரித்து விதி செய்யவும் கூடாது. பள்ளிக்கூடத்திலிருந்து 150 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது மாகாணத்தின் விதி. கோயிலுக்கோ மாதா கோயிலுக்கோ அப்படி ஒரு தூரம் சொல்லவில்லை. பத்தொன்பது வயது நிரம்பாதவர் கடைக்குள் கால் வைக்கக் கூடாது. டொராண்டோவின் குவீன் தெருவில் கடைக்கு அடுத்து கடையாக முளைத்தபோது நகர சபையால் பார்த்துக்கொண்டுதான் இருக்க முடிந்தது.

கதவில் ஒட்டுகிற அறிவிப்பின் கதையும் இதுதான். பதினைந்து நாள் அவகாசம் உண்மை. அக்கம்பக்கத்தவர் எழுதலாம், நகர சபையும் எழுதலாம். ஆனால் அதிகாரி கவனிக்கக் கூடிய விஷயங்கள் மூன்றே. ஜனங்களின் ஆரோக்கியமும் பாதுகாப்பும், சிறுவர்கள் கையில் போகாமல் காப்பது, கள்ளச் சரக்கு வியாபாரத்தைத் தடுப்பது. அந்தப் பெண், "கறிவேப்பிலை வாங்குகிற இடத்தில் இது என்ன அசிங்கம்!" என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. "பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் சாயங்காலம் பஸ்ஸுக்காகக் கூடி நிற்கிற இடம் இது" என்று எழுதினால் வாசிப்பார்கள். வாசித்துவிட்டு லைசென்ஸ் கொடுத்தாலும் கொடுக்கலாம். ஆனாலும் கேட்டார்கள், அல்லவா? அந்த அம்மாளின் மனசில் தைத்தது அது.

அமெரிக்காவில் கொலராடோ ராஜ்யத்துக்குப் போனால் நகரத்தின் கை இன்னும் ஓங்கியிருக்கிறது. அங்கே 2012 நவம்பரில் ஜனங்களே வோட்டுப் போட்டுக் கஞ்சாவை அனுமதித்தார்கள். 2014 ஜனவரி 1-ஆம் தேதி கடைகள் திறந்தன. டென்வர் நகரத்தில் கடை வைக்க ராஜ்யத்தின் லைசென்ஸோடு நகரத்தின் லைசென்ஸும் வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு 1,000 அடி தள்ளித்தான் கடை. லைசென்ஸ் தருமுன் பகிரங்க விசாரணை ஒன்று உண்டு. பேட்டையில் குடியிருப்பவர்கள் எழுந்து நின்று இங்கே இப்படி ஒரு கடை அவசியமா என்று பேசலாம். அதே ராஜ்யத்தில், டென்வருக்குத் தெற்கே சுமார் 70 மைலில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற நகரம். பொழுதுபோக்குக்குக் கஞ்சா விற்கும் கடை எங்களுக்கு வேண்டாம் என்று அது பத்து வருஷம் ஒதுங்கி நின்றது. 2024 நவம்பரில் ஜனங்கள் வோட்டுப் போட்டு மாற்றிய பிறகுதான் 2025-ல் அங்கே விற்பனை.

தாய்லாந்து செய்ததையும் சொல்லிவிட வேண்டும். 2022 ஜூனில் அங்கே கஞ்சாவைப் போதைப் பொருள் ஜாபிதாவிலிருந்து எடுத்துவிட்டார்கள். கடைகளுக்குச் சரியான சட்டம் செய்யாமலே எடுத்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் கடைகள் கிளம்பின. மூன்று வருஷம் கழித்து, 2025 ஜூனில், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட வேண்டியதாயிற்று. அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு அரிசிக்கு அலைந்த கதை.

இதெல்லாம் தூர தேசத்துச் சமாசாரம், நம் ஊருக்கும் கஞ்சாக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். அந்த அம்மாளின் பாட்டியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். வெள்ளைக்காரன் காலத்துச் சென்னை ராஜதானியில் சர்க்கார் லைசென்ஸ் பெற்ற கஞ்சாக் கடைகள் இருந்தன. கள்ளுக்கடை, சாராயக்கடை, கஞ்சாக்கடை மூன்றும் ஆப்காரி இலாகாவின் கீழ். 1886-ஆம் வருஷத்து ஆப்காரிச் சட்டம் மூன்றையும் ஆண்டது. கடை நடத்தும் உரிமையை ஏலம் விடுவார்கள். யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கு. கஞ்சாவைப் பயிரிடவும் லைசென்ஸ் உண்டு. ராஜதானியில் அப்படி அனுமதிக்கப்பட்ட இடங்களில் வட ஆற்காட்டு ஜில்லாவும் சேர்த்தி. 1911-ல் தென் ஆற்காட்டிலிருந்து பிரிந்து வந்து 1989-ல் தனி மாவட்டத்தின் தலைநகராகும் வரை, திருவண்ணாமலை இருந்தது அந்த வட ஆற்காட்டில்தான்!

அந்தக் காலத்திலேயே இதைப் பற்றி ஒரு பெரிய விசாரணை நடந்திருக்கிறது. இந்தியாவில் கஞ்சா ஜனங்களைக் கெடுக்கிறதே என்று 1893-ல் லண்டன் பார்லிமெண்டில் கேள்வி எழுந்தது. உடனே ஏழு பேர் கொண்ட கமிஷன் ஒன்றைப் போட்டார்கள். அவர்களில் மூவர் இந்தியர். ஊர் ஊராகப் போய் 1,193 சாட்சிகளை விசாரித்து, 1894-ல் பெரிய பெரிய புத்தகங்களாக அறிக்கை கொடுத்தார்கள். அளவோடு உபயோகிப்பவர்களுக்குப் பெரிய கெடுதல் இல்லை, அளவு மீறினால் கெடுதல், அடியோடு தடுப்பது அவசியமில்லை, கட்டுப்படுத்தினால் போதும் என்பது அவர்கள் அபிப்பிராயம். கட்டுப்படுத்த முக்கியமாக நாலு வழி சொன்னார்கள். நல்ல வரி போடு; லைசென்ஸ் இல்லாமல் பயிரிட விடாதே; கடைகளின் எண்ணிக்கையைக் குறை; ஒருவன் கையில் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கு எல்லை வை.

நூற்று முப்பது வருஷத்துக்கு முந்திய இந்த நாலையும் இன்றைய டொராண்டோ, டென்வர் விதிகளோடு ஒத்துப் பாருங்கள். வரி, லைசென்ஸ், எண்ணிக்கை, எல்லை எல்லாம் அப்படியே இருக்கின்றன. இந்த நாலில் இல்லாத ஒன்று, கடை எந்தத் தெருவில் வருவது, அந்தத் தெருவில் இருப்பவர்களை யார் கேட்பது என்பது. கஜானாவுக்குப் பணம் வந்த வழி தெளிவாகத்தான் இருந்தது. குடித்தனக்காரிக்கு என்ன வந்தது என்று அறிய அந்தப் பெரிய புத்தகங்களைத் தேடிப் பிரயோஜனம் இல்லை.

பிறகு மதுவிலக்கு வந்தது. ராஜாஜி மந்திரிசபை 1937-ல் கொண்டுவந்த சட்டம் சாராயத்துக்கும் கள்ளுக்கும் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். லாகிரி வஸ்துக்கள் அத்தனைக்கும் சேர்த்துத்தான் அந்தச் சட்டம். கஞ்சாவின் பூ மட்டுமல்ல, இலைகூட அதில் அடக்கம். முதலில் சேலம் ஜில்லா. அடுத்து சித்தூர், கடப்பை. 1939 அக்டோபரில் வட ஆற்காடு. யுத்த காலத்தில் அது நின்று போய், மறுபடி வந்து, 1948 அக்டோபர் 2 முதல் ராஜதானி முழுவதும் அமலாயிற்று. சாராயம் பின்னால் எத்தனையோ தடவை போயிற்று, வந்தது. கஞ்சாக் கடை மட்டும் திரும்பி வரவில்லை.

ஆனால் காசிக்குப் போய் வந்தவர்களைக் கேளுங்கள்! அங்கே சந்துகளில் "சர்க்காரி" என்று பலகை போட்ட பாங் கடை உண்டு. ராஜஸ்தானத்தில் ஜெய்சல்மேர்க் கோட்டை வாசலருகிலும் ஒன்று பிரசித்தம். ஒரே செடிதான். 1985-ஆம் வருஷத்து மத்தியப் போதைப் பொருள் சட்டம் கஞ்சா என்று சொல்வது செடியின் பூவும் காயும் விடுகிற நுனியை. நுனி சேராத தனி இலையும் விதையும் அந்தச் சொல்லில் அடங்கா. அந்த இலையை அரைத்தால் பாங். அதை விற்கலாமா கூடாதா என்பது அந்தந்த ராஜ்யத்தின் பாடு. உத்தரப் பிரதேசத்தில் 2025-ல் சாராயக் கடைகளோடு பாங் கடைகளுக்கும் கம்ப்யூட்டரில் குலுக்கல் போட்டுத்தான் லைசென்ஸ் கொடுத்தார்கள். காசியில் லைசென்ஸ் பலகையோடு விற்பதை அருணாசலத்தில் வைத்திருந்தால் போலீஸ். சிவன் இரண்டு ஊரிலும் ஒருவர்தான்!

நம் ஊர்ப் பிள்ளைகளுக்காக இதையும் சொல்லி வைக்கிறேன். அந்த மத்தியச் சட்டப்படி ஒரு கிலோ வரை "சிறிய அளவு". அதற்கே ஒரு வருஷம் வரை கடுங்காவல், அல்லது பதினாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருபது கிலோவுக்கு மேல் போனால் பத்து வருஷத்துக்குக் குறையாத சிறை. "கொஞ்சமாக வைத்திருந்தால் ஒன்றும் செய்ய மாட்டார்கள்" என்று சிநேகிதர்கள் சொல்வதை நம்பி மோசம் போகிற பையன்கள் அநேகர். அதே சட்டத்தில் ஒரு சின்னக் கதவும் இருக்கிறது. தாய்மார்களுக்கு அது தெரிவதே இல்லை. பழக்கத்துக்கு அடிமையானவன் உபயோகித்ததற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கில் மாட்டியிருந்தால், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த ஆஸ்பத்திரியில் பழக்கத்தை விடச் சிகிச்சை எடுத்துக்கொண்டால், அந்த வழக்கிலிருந்து அவனுக்கு விலக்கு உண்டு. 64-ஏ என்ற பிரிவு. சிகிச்சையை நடுவில் விட்டு ஓடிவந்தால் விலக்கு போய்விடலாம். வக்கீலிடம் போகிற தாய் இந்த எண்ணைச் சொல்லிக் கேட்கட்டும்.

என் சொந்த அபிப்பிராயத்தை மறைக்கவில்லை. கிரிவலப் பாதையில் கஞ்சாக் கடை வந்து பார்க்க எனக்கு ஆசையில்லை. தடுத்துவிட்டதால் இல்லாமல் போய்விட்டது என்று சொல்லவும் வாய் வரவில்லை. 2021 டிசம்பரில் தமிழ்நாட்டுப் போலீஸார் "கஞ்சா வேட்டை" என்றே பெயர் வைத்து ஊர் ஊராகத் தேடினார்கள். இல்லாத மிருகத்தை யாராவது வேட்டையாடுவார்களா? ஆந்திர, ஒரிஸ்ஸா மலைகளிலிருந்து மூட்டை வருகிறது என்பது பேப்பர் படிக்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். ஒளித்து விற்கிறவன் பள்ளிக்கூடத்துக்கு 150 மீட்டர் தள்ளியா நிற்கிறான்? வயதைக் கேட்டுவிட்டா கொடுக்கிறான்? டென்வர்க்காரர்கள் சொல்லுகிற நியாயம் இதுதான். அதற்கு என்னிடம் சுலபமான பதில் கிடையாது.

இப்போது அம்மாளின் தெருக் கோடிக்கு வருவோம். நம்மிடம் கஞ்சாக் கடை இல்லாவிட்டாலும், போதை விற்கும் கடைக்கு ஊர் எப்படி இடம் விடுகிறது என்பதைப் பார்க்க மதுக்கடை இருக்கிறதே!

1983-ல் ஆரம்பித்த டாஸ்மாக் என்ற சர்க்கார் கம்பெனிதான் 2003 நவம்பரிலிருந்து சில்லறைக் கடைகளையும் நடத்துகிறது. அதே 2003-ல் செய்த விதிகளில் தூரம் சொல்லியிருக்கிறது. கோயில், மசூதி, மாதா கோயில், பள்ளிக்கூடம், கல்லூரி இவற்றிலிருந்து, மாநகராட்சியிலும் நகராட்சியிலும் 50 மீட்டர். மற்ற இடங்களில் 100 மீட்டர். ஜனம் நெருங்கி வாழ்கிற நகரத்துக்குப் பாதித் தூரம் போதும் என்பது விதி செய்தவர்களின் கணக்கு. வியாபாரப் பகுதி என்று குறித்த இடமானால் அந்தத் தூரமும் வேண்டாம்.

50 மீட்டர் என்றால் 164 அடி. திருவண்ணாமலை ராஜகோபுரத்தின் உயரம் 217 அடி. அதாவது கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம்கூட நகரத்துக் கடை கோயிலுக்குத் தள்ளியிருக்க வேண்டியதில்லை! சாய்ந்த வெயிலில் கோபுரத்தின் நிழல் அதைவிட நீளமாக விழும். கார்த்திகை தீபத்தின்போது கலெக்டர் உத்தரவு போட்டுச் சுற்றுவட்டாரத்துக் கடைகளை மூடுவது வழக்கம்தான். தீபம் குளிர்ந்த பிறகு?

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. திருவண்ணாமலை 2024-ல் மாநகராட்சி ஆயிற்று. ரொம்ப சந்தோஷம். ஆனால் ஒரு கிராமம் நகரத்தோடு சேரும்போது வீட்டு வரி மட்டுமா மாறுகிறது? 100 மீட்டர் 50 மீட்டராகிறது. கிராம சபையும் போய்விடுகிறது. அந்தச் சபையில்தானே எத்தனையோ கிராமத்துப் பெண்கள் எழுந்து மதுக்கடை வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள்?

2017-ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குத்தான் அது. 2017 ஏப்ரல் பிறந்ததும் மாநிலத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. கோர்ட்டாரின் நோக்கம் உத்தமமானது; குடித்துவிட்டு வண்டி ஓட்டிச் சாகக் கூடாது என்பது. நடந்தது என்ன? சாலையிலிருந்து கிளம்பிய கடைகள் தெருக்களுக்குள் இடம் தேடின. பெண்கள் குடத்தையும் குழந்தையையும் எடுத்துக்கொண்டு சாலைக்கு வந்து உட்கார்ந்தார்கள். திருப்பூர் ஜில்லா சாமளாபுரத்தில் மறியல் செய்த ஒரு பெண்ணைப் போலீஸ் அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்ததை நாடு முழுவதும் டெலிவிஷனில் பார்த்தது. அந்த ஜூலையிலேயே சுப்ரீம் கோர்ட், முனிசிபல் எல்லைக்குள் இருக்கும் கடைகளை இந்தத் தடை கட்டுப்படுத்தாது என்று விளக்கம் சொல்லிவிட்டது.

ஓர் இட்லிக் கடை வைக்கிறவள் மாநகராட்சியிடம் தொழில் உரிமம் வாங்க வேண்டும். மதுக்கடைக்கு இடம் பார்ப்பதும் முடிவு செய்வதும் மாநில சர்க்காரின் கம்பெனியும் ஜில்லா அதிகாரிகளும். லாபமும் வரியும் போவது சென்னைக்கு. உடைந்த பாட்டிலைக் கூட்டுவது மாநகராட்சியின் துப்புரவுப் பெண். ஒன்டாரியோவில் ஊருக்கு ஒரே ஒரு தடவை வாய் திறக்க இடம் கொடுத்தார்கள். டென்வரில் கடைக்குக் கடை கொடுக்கிறார்கள். நம் ஊரில் அந்தக் காகிதமே அச்சாகவில்லை. அம்மாளுக்கு என் பதில் அவ்வளவுதான். அங்கே கஞ்சாவை விற்கத் துணிந்தவர்கள், அண்டை அயலாரின் கோபத்துக்கும் ஒரு வழி வைத்தாக வேண்டியிருந்தது. கொலராடோவில் ஜனங்கள் வோட்டு இல்லாமல் கடை திறந்திருக்காது. இங்கே கடை வந்தது வேறு வழியாக.

முழுக்கக் கதவடைத்துவிட்டார்கள் என்றும் சொல்ல மாட்டேன். 2022 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்களை ஆரம்பித்து வைத்தார்கள். கிராம சபையைப் போல வார்டுக்குள் குடியிருப்பவர்கள் கூடிப் பேசுகிற சபை. கவுன்ஸிலர்தான் நடுநாயகம். உங்கள் வார்டில் அது கடைசியாக எப்போது கூடியது என்று கவுன்ஸிலரைக் கேளுங்கள். அவர் முழிக்கிற முழியிலேயே பதில் தெரிந்துவிடும். தீர்மானம் போட்ட மாத்திரத்தில் கடையைத் தூக்கிவிடுவார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் தனியாக ஒரு அம்மாள் நீட்டுகிற காகிதத்துக்கும், வார்டு கூடிப் போட்ட தீர்மானத்தின் நகலுக்கும் வித்தியாசம் உண்டு. 2023 ஜூனில் சர்க்கார் 500 கடைகளை மூடியபோது, எந்தெந்தக் கடை என்று பொறுக்கி எடுப்பதற்கு இந்த மாதிரிக் காகிதங்கள்தான் கையில் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இவ்வளவையும் அம்மாளுக்கு எழுதி, கடைக்கும் பக்கத்து ஆரம்பப் பாடசாலை வாசலுக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்து எழுதச் சொல்லியிருந்தேன். நேற்றுத் தபாலில் பதில் வந்தது. இந்தத் தடவை ஒரே பக்கம். விடியற்காலையில் கோலம் போட்ட கையோடு, யாரும் பார்க்காமல் நடந்து எண்ணினாராம். தொண்ணூற்றாறு தப்படி. "என் தப்படி இரண்டடிதான் இருக்கும், முழங்கால் வலி" என்று எழுதியிருக்கிறார். 192 அடி. சட்டப்படி 28 அடி தாராளமாகவே இருக்கிறது.

பெண்ணும் பதிமூன்றாம் நாள் எழுதிப் போட்டுவிட்டாளாம். எட்டு வரி. பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தையும் குறித்திருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.